ஊதிய சங்கு யார் செவிக்கு?

செவிடன் காதில் ஊதிய சங்கு என்றொரு பழமொழி நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மன்றத்திலே பேசுவோர் அதைக் கையாள்கின்றனர். ஏட்டிலே எழுதுவோரும் கையாள்கின்றனர். எத்தனை முறை எடுத்துரைத்தும் கேளாத ஆட்சியாளரைச் சாடுவதற்கு அதனினும் கூரிய சொல் இல்லை என்று கைதட்டி மகிழ்வோரும் உளர். ஆனால், அந்தப் பழமொழியைச் சற்றே நிறுத்திவைத்து எண்ணிப் பாருங்கள். பழி யார் தலையில் விழுகிறது? கேளாதவன் தலையில்! ஊதியவனை நோக்கி ஒரு கேள்வியும் எழுவதில்லை. எதிரே நிற்பவனுக்குச் செவி கேளாது என்று தெரிந்த பிறகும் சங்கையே ஏன் எடுத்தாய்? தோளைத் தொட்டுச் சொன்னால் ஆகாதா? விளக்கை உயர்த்திக் காட்டினால் ஆகாதா? எழுதிக் காட்டினால் ஆகாதா? இவ்வாறு கேட்க நம் பழமொழிக்குத் தோன்றவில்லை. ஊதியவன் கடமை முடிந்தது. கேளாதவன் கதியும் முடிந்தது!

பழமொழியோடு இது போயிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் நேரத்தை நான் கேட்டிருக்க மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் கடற்கரையில் ஆண்டுதோறும் சங்கு ஊதப்படுகிறது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது, ஒலிபெருக்கி கட்டிய வண்டி குப்பத்தைச் சுற்றி வருகிறது, செல்பேசி அலறுகிறது, வானொலியும் தொலைக்காட்சியும் முழங்குகின்றன. கண்ணும் காதும் காலும் குறைவற்றவர் கேட்கிறார், பார்க்கிறார், மூட்டை கட்டுகிறார், நடக்கிறார். செவி கேளாதவருக்கு ஒலிபெருக்கியால் என்ன பயன்? பார்வையற்றவருக்குக் கூண்டால் என்ன பயன்? இரண்டும் தெளிவாகத் தெரிந்தும் கட்டிலை விட்டு எழ இயலாதவருக்கு அந்த எச்சரிக்கையெல்லாம் எதற்கு? வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே அறிந்து அஞ்சிக் கிடப்பதற்கு மட்டுமா?

இதனைப் பொதுவாகப் பேசிவிட்டுப் போவதைவிட, ஓர் ஊரை முன்னிறுத்திப் பேசுவது நன்று. மரக்காணத்தை எடுத்துக் கொள்வோம்.

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையூர் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுவர். அத்துணைப் பழமையான மண்! கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். சாலையோரம் கண்ணுக்கெட்டிய தொலைவுக்குப் பாத்தி பாத்தியாக உப்பளங்கள், இடையிடையே வெள்ளைக் குவியல்கள். பயணிக்கு அது அழகிய காட்சி. உழைப்பவருக்கு? உச்சி வெயிலிலே, வெண்மையிலிருந்து தெறிக்கும் ஒளி கண்ணைத் தாக்க, உப்புநீர் பாதத்தை அரிக்க, குனிந்த முதுகு நிமிராமல் வாரிக் குவிக்கும் வேலை அது. ஆண்டுக் கணக்கில் அந்த வேலை செய்தவரின் கண் மங்குகிறது, பாதம் புண்ணாகிறது, மூட்டு தேய்கிறது. நம் சோற்றுக்குச் சுவை தரும் உப்பு, அதை விளைவித்தவரின் பார்வையிலும் நடையிலும் ஒரு பங்கை வாங்கிக் கொண்டுதான் நம் வீட்டுக்கு வருகிறது. ஆகவே, குறைபாடு என்பது பிறப்போடு வருவது, விதிவசத்தால் விளைவது என்று பேசும் பேச்சு உப்பளத்து மண்ணில் எடுபடாது. இங்கே அது உழைப்பு கொடுத்த பரிசு!

மழை தொடங்கியதும் உப்பு விளைச்சல் நின்றுவிடுகிறது. வேலையற்ற அம்மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்கும் திட்டத்தை 2022இல் தொடங்கியது. கூலி நிற்கும் அதே மாதங்களில்தான் புயலும் வருகிறது. கையிலே காசில்லாத வேளையில், கூரை பிய்ந்துபோகும் வேளையும் வந்து சேர்கிறது.

அண்மைக் காலத்துக் கணக்கை மட்டும் பாருங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைத் தாக்கியது. 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே புகுந்தது. 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்து, கடந்த பின்னும் அகலாமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை! பதின்மூன்று ஆண்டுகளில் நான்கு புயல்கள் மரக்காணத்தின் மேலேயோ, பக்கத்திலேயோ வந்து போயின. இவற்றுக்கெல்லாம் முன்னே, 2004 டிசம்பர் 26 காலையில், எச்சரிக்கை என்ற ஒன்றே இல்லாமல் வந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

ஃபெஞ்சல் ஒரு பாடம் கற்பித்தது. அது வலுக்குறைந்த பின்னரே கரையைத் தொடும் என்று முதலில் கணிக்கப்பட்டது. பின்னர் நவம்பர் 29 பிற்பகலில்தான் அது புயலாக உருவெடுத்தது. மறுநாள் இரவு கரைக்கு வந்துவிட்டது. நடக்க வல்லவருக்கு அந்த ஒன்றரை நாள் போதும். வண்டி வேண்டுவோருக்கு, துணை வேண்டுவோருக்கு, மருந்தும் குழாயும் மின்கலமும் சேகரித்துக் கொண்டு புறப்பட வேண்டியவருக்கு அது போதுமா? வானிலை மாறலாம், கணிப்பும் மாறலாம். முன்னேற்பாடு இருந்தால்தான் அந்த மாற்றத்தை ஈடுகட்ட முடியும்.

மரக்காணத்தின் நில அமைப்பும் எளிதன்று. கிழக்கே கடல், மேற்கே கழுவேலி. மேட்டு நிலத்து மழைநீர் ஏரிகளை நிரப்பி வழிந்து கழுவேலிக்கு வந்து சேர்கிறது. கழுவேலி முகத்துவாரம் வழியே கடலுக்குப் போக வேண்டும். கடல் பொங்கும் நாளிலே போக்கிடம் ஏது? இரண்டு நீருக்கும் நடுவே மீனவர் குப்பங்கள், உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகள், இருளர் குடிசைகள். உப்பள நிலத்தில் ஏறி நிற்க மேடு இல்லை. பிடித்து நிற்க மரம் இல்லை. வரப்பின் மேல் நடக்கத்தான் முடியும். சக்கர நாற்காலி உருளாது. ஈர மணலில் ஊன்றுகோல் புதையும். தெருவெல்லாம் நீரான பின் வெண்கோல் வைத்திருப்பவருக்கு வழி காட்டும் தரையே மறைந்துவிடும்.

இந்த நிலையில் ஒரு மாற்றுத் திறனாளி உயிர் பிழைக்க மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். செய்தி சேர்ந்ததா? செல்ல வழி உண்டா? சேர்ந்த இடம் தங்கத் தக்கதா? மூன்றில் ஒன்று பொய்த்தாலும் மற்ற இரண்டும் வீண்.

செய்தியைப் பேசினோம். வழியைப் பேசுவோம். "ஆளைத் தூக்கி வண்டியில் போட்டால் ஆயிற்று" என்பர் சிலர். நெல் மூட்டையா அது, தூக்கிப் போட? முதுகுத்தண்டு முறிந்தவரைத் தூக்கும் முறை வேறு. வலிப்பு வருபவரைக் கையாளும் முறை வேறு. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையை அழைத்துச் செல்லும் முறை வேறு. முன்பின் அறியாத சீருடைக்காரர் இருளிலே விளக்கடித்து இழுத்தால் அந்தப் பிள்ளை ஓடி ஒளியாதோ? ஆளைத் தூக்கி வந்து நாற்காலியை விட்டுவிட்டால், அவர் உயிரைக் காத்துக் காலைப் பறித்தோம் என்றே பொருள்.

இனி, சேரும் இடம். புயல் பாதுகாப்புக் கட்டடத்தை வெள்ளத்துக்கு மேலே, தூண்களின் மேல் உயர்த்திக் கட்டுவது வழக்கம். அந்த உயரம்தான் பாதுகாப்பு. சாய்தளம் இல்லையேல் அந்த உயரமே தடை! சாய்தளம் என்றால் சிமெண்டைச் சரித்துப் பூசிய சறுக்குமரம் அன்று. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கு அதற்கு உண்டு. அதன் பின் கழிவறை. கழிவறைக் கதவு குறுகலாக இருந்தால் நாற்காலி நுழையாது. நுழையாது என்று தெரிந்த பெண், இரவெல்லாம் தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருப்பாள். ஆயிரம் பேருக்குச் சோறு போட்டோம் என்று மறுநாள் ஏட்டிலே செய்தி வரும். தாகத்தை அடக்கிக் கொண்டு கிடந்தவளின் செய்தி எந்த ஏட்டிலே வரும்?

இவை நம் கற்பனையல்ல. 2013இல் ஐக்கிய நாடுகள் அவையின் பேரிடர் தணிப்பு அமைப்பு பல நாட்டு மாற்றுத் திறனாளிகளிடம் கருத்துக் கேட்டது. திடீரென வெளியேற நேர்ந்தால் தடையின்றி உடனே வெளியேற முடியும் என்றவர்கள் 100க்கு 20 பேரே. 71 விழுக்காட்டினரிடம் தமக்கென்று முன்னேற்பாடு எதுவும் இல்லை. பத்தாண்டு கழித்து 2023இல் மறுபடியும் கேட்டபோது அந்த 71, 84 ஆக இருந்தது!

செல்வமும் தொழில்நுட்பமும் செழித்த ஜப்பானைப் பாருங்கள். 2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அதன் கிழக்குக் கரையைத் தாக்கின. அப்பகுதியில் மாற்றுத் திறனாளிகளின் இறப்பு விகிதம் பொதுமக்களின் இறப்பு விகிதத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. அங்கே பட்டியல் இல்லாமல் இல்லை. உதவி தேவைப்படுவோர் இன்னார் இன்னார் என்ற விவரம் நகராட்சிகள் பலவற்றிடம் இருந்தது. ஆனால், தனியார் விவரம், வெளியே தரலாகாது என்று அலமாரியிலேயே பூட்டி வைத்திருந்தனர். தேடிச் செல்ல முன்வந்த அமைப்புகளுக்கும் அது எளிதில் கிட்டவில்லை. பட்டியல் பத்திரமாக இருந்தது. பட்டியலில் இருந்தவர்கள் பத்திரமாக இல்லை! பாடம் கற்ற ஜப்பான் 2013இல் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய பட்டியலை உள்ளாட்சிகள் வைத்தே தீர வேண்டும் என்றது. 2021இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, இவரை யார் அழைத்துச் செல்வது, எங்கே அழைத்துச் செல்வது, எவ்வாறு அழைத்துச் செல்வது என்று ஆளுக்கொரு திட்டம் வகுக்க முயல வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு என்று விதித்தது.

நம் கரையைத் தாக்கிய அதே 2004 பேரலை இலங்கையின் காலி நகரையும் தாக்கியது. அங்கே மாற்றுத் திறனாளிகள் தங்கியிருந்த இல்லமொன்றில் 102 பேர் இருந்தனர். பிழைத்தோர் 41 பேர்.

தமிழ்நாட்டிலேயே ஒரு நாள் உண்டு. எண்ணினால் நெஞ்சு பதைக்கும் நாள். 2001 ஆகஸ்ட் 6, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலம் குன்றியோரைத் தங்க வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தீயைக் கண்டனர்; ஓட முயன்றனர்; ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அந்தச் சங்கிலி இரும்பால் ஆனது. ஆகவே கண்ணுக்குத் தெரிந்தது. சாய்தளம் இல்லாத படிக்கட்டு, கேளாத செவிக்கு ஊதிய சங்கு, எவரும் தட்டாத கதவு ஆகியவையும் சங்கிலிகளே. கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் அவற்றுக்கு விசாரணை இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோழர்களே, நல்ல சட்டமே இருக்கிறது! மாற்றுத் திறனாளிகள் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 11ஆவது பிரிவு, ஆபத்துக் காலத்தில் இவர்களின் பாதுகாப்பை உறுதி செய்யுமாறு அரசுகளைப் பணிக்கிறது. அதையொட்டி வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 8ஆவது பிரிவில் தெளிவாகப் பேசுகிறது. இயற்கைப் பேரிடரில் மாற்றுத் திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது. பேரிடர் மேலாண்மைப் பணிகளில் அவர்களைச் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்து மாற்றுத் திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், ஆபத்து நேருங்கால் அவர்களுக்குத் தக்க முறையில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அழிந்ததை மீண்டும் கட்டும்போது அவர்கள் பயன்படுத்தத்தக்க வகையில் கட்ட வேண்டும் என்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2019இல் இதற்கென்றே தனி வழிகாட்டி நெறிகளையும் வெளியிட்டது.

சட்டம் புத்தகத்தில் உறங்கும். தட்டி எழுப்புவது மக்கள் வேலை. மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். இணைத் தலைவராக அமர்பவர் மாவட்ட ஊராட்சித் தலைவர், மக்களின் பிரதிநிதி. அவ்விருவரையும் பணிவோடும் உறுதியோடும் கேட்போம்: அந்தப் பதிவேடு எங்கே? மரக்காணம் ஒன்றியத்தின் இன்ன ஊராட்சியில், இன்ன தெருவில், இன்ன வீட்டில் இன்னவர் இருக்கிறார் என்பது அதில் உண்டா? புயல் நாளில் அவர் கதவைத் தட்டப் போகிறவர் பெயர் அதன் எதிரே எழுதப்பட்டிருக்கிறதா? இருந்தால் காட்டட்டும், மனமுவந்து பாராட்டுவோம். இல்லையென்றால், ஆட்சியில் எவர் அமர்ந்திருப்பினும் கேட்பதை நிறுத்தோம்.

"இது நடக்கிற காரியமா? வீடு வீடாகப் போய்த் தேட ஆளுக்கு எங்கே போவது?" என்று அலுத்துக் கொள்ளும் அதிகாரிகளும் உண்டு, நம் தோழர்களிலும் சிலர் உண்டு. அவர்களுக்கு நான் ஒரு நாளை நினைவூட்டுகிறேன். அதுதான் வாக்குப்பதிவு நாள்!

2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயது கடந்தோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும், 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயது கடந்தோருக்கும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையோருக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி அளிக்கப்பட்டது. விண்ணப்பித்தவரின் வீடு தேடி அலுவலர்கள் வந்தனர், வாக்குச்சீட்டைக் கொடுத்தனர், மறைவாகக் குறியிடச் செய்தனர், உறையிலிட்டு வாங்கிச் சென்றனர். வாக்குச்சாவடிக்கு வருவோருக்குச் சாய்தளமும் சக்கர நாற்காலியும் ஏற்பாடாயின. ஒரு வாக்கைப் பெறக் கட்டிலருகே வந்து நிற்க அரசால் முடிந்தது. ஓர் உயிரைக் காக்க அதே கட்டிலருகே வர முடியாதா? வாக்குச்சாவடியாகும் பள்ளிக்கூடமே பல ஊர்களில் புயல் நாளில் புகலிடமாகவும் ஆகிறது. கட்டடம் அதே, படி அதே, ஊரும் அதே. தேர்தலன்று கிடைத்த நாற்காலி புயலன்று எங்கே போயிற்று?

அரசை மட்டும் கேட்டால் போதாது. நம்மையும் கேட்டாக வேண்டும். வாக்காளர் பட்டியலை நம் கிளைத் தோழர்களைப் போல் மனப்பாடமாக அறிந்தவர் எவர்? பாகம் இத்தனை, வரிசை எண் இத்தனை, இறந்தவர் இவர், குடிபெயர்ந்தவர் இவர், இரட்டைப் பதிவு இது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறீர்கள்! எந்த வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் வலி, எந்தத் தெரு இளைஞருக்குப் பார்வை இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தேர்தலுக்குத் தேர்தல் அவர்கள் வீட்டு வாசலில் நின்று கைகூப்பியவர்கள் அல்லவா நீங்கள்? அந்த அறிவு வாக்கு எண்ணும் நாளோடு முடிந்துவிடலாமா? வாக்கு கேட்கத் தெரிந்த வழி, வாழ்வு காக்க மறந்து போகலாமா?

கணக்கு ஒன்று சொல்லுகிறேன். 2011 மக்கள் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத் திறனாளிகளைக் கண்டது. 600 பேர் வாழும் ஒரு குப்பத்துக்கு அந்த விகிதப்படி 10 பேர். உலக நலவாழ்வு நிறுவனமோ, முதுமையாலும் நோயாலும் இயக்கம் குன்றியோரையும் சேர்த்து, உலக மக்களில் ஆறில் ஒருவர் என்கிறது. அந்த விகிதத்தில் அதே குப்பத்தில் 100 பேர்! பத்துக்கும் நூறுக்கும் இடையே உள்ளவர்களுக்கு அட்டை இல்லாமல் இருக்கலாம். சான்று இல்லாமல் இருக்கலாம். கடலுக்கு அட்டையைப் பார்க்கத் தெரியாது. உப்பளத்தில் கண் மங்கிய மூதாட்டி எந்தப் பதிவேட்டிலும் மாற்றுத் திறனாளி இல்லை. இருட்டிலே வெள்ளம் வரும்போது மட்டும் அவர் மாற்றுத் திறனாளி! அவரைக் கண்டறியத் தெருவோடு பழகியவரால்தான் முடியும்.

மறுப்புரைகளையும் எதிர்கொள்வோம். "அவரவர் குடும்பம் பார்த்துக் கொள்ளும்" என்பது ஒன்று. குடும்பம்தான் அந்நாள்வரை பார்த்துக் கொள்கிறது. அதை மறுப்பார் இல்லை. ஆனால், மகன் வேலை தேடி வெளியூர் போயிருக்கிறான். வீட்டில் அறுபது வயதுத் தாய். வளர்ந்த பிள்ளையைத் தோளில் சுமந்து இடுப்பளவு நீரில் நடப்பாளா? அவனை விட்டுவிட்டுத்தான் நடப்பாளா? இரண்டும் முடியாமல் அவளும் அவனோடு தங்கிவிடுவாள். ஒருவரைக் கணக்கில் விட்டால் போவது ஓர் உயிர் மட்டுமன்று.

"பொதுமக்களுக்கே வசதி போதவில்லை, சிலருக்காகச் சிறப்பு வசதியா?" என்பது மற்றொன்று. சாய்தளத்தில் சக்கர நாற்காலி மட்டுமா ஏறும்? நிறைமாதக் கர்ப்பிணி ஏறுவாள். கைக்குழந்தையோடு தாய் ஏறுவாள். மூட்டு வலியுள்ள முதியவர் ஏறுவார். அரிசி மூட்டை ஏற்றிய வண்டியும் ஏறும். படிக்கட்டில் ஏறத் தெரிந்தவர் சாய்தளத்திலும் ஏறுவார். படிக்கட்டு மட்டும் கட்டினால் சிலருக்கு. சாய்தளமும் கட்டினால் எல்லாருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரக்கத்தைக் கேட்டு இக்கட்டுரை எழுதப்படவில்லை. இரக்கம் வந்தால் தருவான், வராவிட்டால் மறப்பான். சுயமரியாதையைப் பாலாக ஊட்டி வளர்ந்த இயக்கத்துக்கு இரக்கம் மட்டும் போதாது. ஊனமுற்றோர் என்ற சொல்லை நீக்கி மாற்றுத் திறனாளிகள் என்ற சொல்லைக் கலைஞர் தந்தார். திறன் உண்டு என்று பெயரிலே ஒப்புக்கொண்ட பின், அத்திறனைக் கூட்டத்திலே ஒப்புக்கொள்ளாமல் இருப்பது முறையாகுமா? மின்சாரம் அறுந்து ஊரே இருண்ட பொழுதில், தன் தெருவைக் கால் கணக்கால் அறிந்த பார்வையற்றவர் மற்றவருக்கு வழிகாட்ட வல்லவர். செவி கேளாத மீனவ இளைஞர் படகு செலுத்துவதில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். எந்தப் படியில் தடுக்கும், எந்தக் கதவில் இடிக்கும் என்பதைத் தேர்ந்த பொறியாளரைவிடச் சக்கர நாற்காலியில் வாழ்பவர் நன்கு அறிவார். அவரைக் கேட்காமல் கட்டிவிட்டு, பிறகு இடிப்பதற்கு ஒரு செலவு, மீண்டும் கட்டுவதற்கு ஒரு செலவு என்று செய்வதுதான் சிக்கனமா?

இன்றைய வங்கதேசம், கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த காலத்தில், 1970 புயலில் லட்சக்கணக்கானோரை இழந்தது. அந்தக் கண்ணீரிலிருந்து ஊர்தோறும் தொண்டர்களைத் திரட்டும் புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தை வளர்த்தது; பிற்காலப் புயல்களில் இறப்பு பலமடங்கு குறைந்தது. அந்நாட்டின் கைபாந்தா மாவட்டத்து வெள்ளப் பகுதியில், 2009 முதல், மாற்றுத் திறனாளிகளே குழுக்களாகத் திரண்டு ஊர்ப் பேரிடர்க் குழுக்களில் அமர்ந்தனர், எச்சரிக்கை சொன்னனர், புகலிடங்களில் சாய்தளம் கட்ட வைத்தனர். காப்பாற்றப்பட வேண்டியவர் என்று ஊர் எண்ணியிருந்தவர், ஊரைக் காப்பவராக நின்றார்.

நமக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகள் அனைத்திலும் மாற்றுத் திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேருக்கு இடம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பெருமைக்குரிய செயல்! ஆயினும், நாற்காலி கொடுத்து நாவைக் கட்டினால் அது அலங்காரமே. அந்த உறுப்பினரின் முதற்பணி பேரிடர்த் திட்டமாக இருக்கட்டும். புகலிடத்தைப் பார்வையிடும் குழுவுக்கு அவரே முன்னே செல்லட்டும். அவர் ஏறிச் செல்ல முடிந்த கட்டடமே புகலிடம் என்று எழுதப்படட்டும்.

இனி, கடலோரத்துக் கிளைத் தோழர்கள் செய்ய வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்லி முடிக்கிறேன்.

மழைக்கு முன்பே தெருத்தெருவாகச் சென்று, உதவி வேண்டுவோரைக் கண்டு, அவர்கள் விருப்பத்தைக் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். எந்தக் கட்சிக்காரர் என்று கேளாதீர்கள். கேட்கிற தோழர் இப்பணிக்குத் தகுதியற்றவர். அந்தக் குறிப்பைச் சுவரில் ஒட்டாதீர்கள். தனித்திருக்கும் பெண்ணின் விவரம் ஊரறியப் போவது அவளுக்கு மற்றோர் ஆபத்து. ஜப்பானியரைப் போல் பூட்டியும் வைக்காதீர்கள். பொறுப்பான இருவர் கையில் இருக்கட்டும். ஒரு படி ஊராட்சியிடம் சேரட்டும்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு பெயர் எழுதுங்கள். ஒருவர் கடலுக்குப் போயிருந்தால் மற்றவர் வரவேண்டும். அவ்விருவரும் அடுத்த வீட்டாராக, அவருக்குப் பழகிய முகமாக இருக்க வேண்டும். செவி கேளாதவருக்கு அறிவிக்கும் முறையை அவரிடமே கேளுங்கள்: விளக்கா, கைச்சாடையா, எழுத்துச் செய்தியா? 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணை எல்லார்க்கும் சொல்லுகிறோம். பேச இயலாதவர் அந்த எண்ணில் என்ன செய்வார் என்பதையும் ஆட்சியரிடம் கேளுங்கள்.

ஒரு வாரத்து மருந்து, மருத்துவச் சீட்டு, அடையாள அட்டை ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு வைக்க உதவுங்கள். புறப்படும்போது ஆளோடு நாற்காலியும் ஊன்றுகோலும் காது கருவியும் வந்தாக வேண்டும். ஒத்திகை நடந்தால், நலமுள்ள தொண்டர் ஒருவரைப் படுக்க வைத்துத் தூக்கிப் படமெடுத்துக் கொள்வதோடு விட்டுவிடாதீர்கள். உண்மையில் அந்தத் தேவை உடையவர், அவர் விரும்பினால், பங்கேற்கட்டும். அவர் குறை சொன்னால் எழுதிக் கொள்ளுங்கள். அந்தக் குறைதான் ஒத்திகையின் பயன்.

அக்டோபர் 2இலும் நவம்பர் 1இலும் கிராம சபை கூடுகிறது. இரண்டும் புயலுக்கு முந்திய நாள்கள் என்பதை மறவாதீர்கள். 2016 சட்டத்தின் 8ஆவது பிரிவைச் சொல்லி, பதிவேடு, சாய்தளம், கழிவறை, வண்டி ஆகிய நான்கையும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். மாற்றுத் திறனாளிகள் வந்தமரத்தக்க இடத்தில் அந்தச் சபை கூடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். மாடியில் கூடும் சபை அவர்களைப் பற்றித் தீர்மானம் போட்டு என்ன பயன்?

நம் படிப்பகங்களை இதற்குப் பயன்படுத்துங்கள். நாளேடு படிக்கவும் நாட்டு நடப்புப் பேசவும் திறந்த அந்தக் கதவு, கார்த்திகை இரவில் விளக்கோடு திறந்திருக்கட்டும். அங்கே இரண்டு தோழர் கண்விழித்திருக்கட்டும். அவர்கள் கையிலே அந்தப் பட்டியல் இருக்கட்டும்.

தோழர்களே! கடல் தன் வேலையைச் செய்யும். அதைத் தடுக்க நம்மிடம் மந்திரம் இல்லை. மந்திரத்தை நம்புகிற கூட்டமும் நாம் அல்லர். யார் பிழைப்பார், யார் மடிவார் என்பதைக் கடல் முடிவு செய்வதில்லை. படிக்கட்டும், பட்டியலும், பக்கத்து வீட்டுக்காரரும் முடிவு செய்கின்றனர். இம்மூன்றும் நம் கையில் இருக்கின்றன. அடுத்த புயலுக்கு எந்த நாட்டார் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, தெரியாது. அது வருகிற இரவில், மரக்காணத்துக் குப்பமொன்றில் சங்கு கேளாத ஒரு வீட்டின் கதவைத் தட்டப் போகிறவர் யார் என்பது இன்றே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரை இந்த வாரமே எழுதுங்கள்.